எல்லை மாவட்டம் தந்த மக்களவைத் தலைவர் அனந்தசயனம் ஐயங்கார்

குடிபாலா (சித்தூர்): தமிழக எல்லையை ஒட்டிய குடிபாலா உள்ளிட்ட சித்தூர் வட்டாரத்திலிருந்து தில்லி சென்று, நாட்டின் இரண்டாவது மக்களவைத் தலைவராக உயர்ந்தவர் வழக்குரைஞர் மாடபூசி அனந்தசயனம் ஐயங்கார்.

திருப்பதியை அடுத்த திருச்சானூரில் 1891 பிப்ரவரி 4-ஆம் தேதி பிறந்த அவர், சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். சிறிது காலம் கணித ஆசிரியராகப் பணியாற்றியபின் சித்தூரில் வழக்குரைஞர் தொழிலைத் தொடங்கினார். காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்று ஓராண்டு நீதிமன்றம் செல்லாதிருந்தார். தனிநபர் சத்தியாகிரகத்திலும், 1942-ஆம் ஆண்டின் வெள்ளையனே வெளியேறு இயக்கத்திலும் சிறை சென்றார். அதற்கு முன்பே, 1934-இல் மத்திய சட்டப்பேரவைக்குத் தேர்வு பெற்றிருந்தார்.

அவர் வகித்த பதவிகளைவிட அதிகம் நினைவுகூரத்தக்கது 1948 ஏப்ரல் 3-ஆம் தேதி அவர் கொண்டுவந்த தீர்மானம். காந்தியடிகள் கொலையுண்டு அப்போது இரு மாதங்களே ஆகியிருந்தன. மதம், இனம், சாதி அடிப்படையில் உறுப்பினரைச் சேர்க்கும் அல்லது விலக்கும் அமைப்புகளை, சமய, பண்பாட்டு, சமூக, கல்வித் தேவைகளுக்கு அப்பாற்பட்ட பணிகளில் ஈடுபட அனுமதிக்கலாகாது என்றது அத்தீர்மானம். அரசியல் நிர்ணய சபை, சட்டமியற்றும் அவையாகக் கூடியபோது அதனை ஏற்றது.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் 1952-இல் திருப்பதியில் வென்று மக்களவையின் முதல் துணைத் தலைவரானார். அப்போது அத்தொகுதி சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலத்திலும், 1956-இல் ஆந்திரப் பிரதேசத்திலும் சேர்ந்தது. வீடு மாறாமலேயே மாநிலம் இருமுறை மாறியது எனலாம்.

மாவ்லங்கரின் மறைவையடுத்து, 1956 மார்ச் மாதம் மக்களவைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1957-இல் சித்தூர் தொகுதியில் வென்று அப்பதவியில் தொடர்ந்தார். ஆந்திர-சென்னை எல்லை மாற்றச் சட்டம் 1959-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது இக்காலத்தில்தான். படாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையில் அமைந்த அச்சட்டத்தின்படி, அவரது சொந்த மாவட்டத்திலிருந்து திருத்தணி 1960 ஏப்ரல் 1 முதல் தமிழகத்துடன் இணைந்தது. செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரம் சென்றன. விவாதத்தில் ஒரு தரப்பாகப் பேசுவது அவைத்தலைவருக்கு மரபன்று. எனவே, சித்தூர் மக்களின் பிரதிநிதி அமர்ந்திருந்தது, தம் மாவட்டத்தின் எல்லை குறித்து வாதாட இயலாத இருக்கையில்.

1962-இல் சித்தூரில் மீண்டும் வென்ற அவர், அவ்வாண்டே பிகார் ஆளுநராக நியமிக்கப்பட்டு 1967 வரை பதவி வகித்தார். 1978 மார்ச் 19-ஆம் தேதி காலமானார்.