பதுங்கியவர் யார்? ஒரு கையடக்க விளையாட்டும் 1841ஆம் ஆண்டும்

காலனிய ஆவணங்களை வாசிப்பது குறித்து அண்மையில் காரியவட்டத்தில் மாணவர் சிலருடன் உரையாடிக்கொண்டிருந்தபோது, ஒருவர் கேட்டார்: “ஸ்லீமன் என்பவர் உண்மையில் வாழ்ந்தவரா? நான் அவரை விளையாட்டில்தான் சந்தித்தேன்.” அந்தக் கேள்விக்கு அன்று சுருக்கமாகவே விடை சொல்ல முடிந்தது. விரிவான விடையை இங்கே பதிவு செய்கிறேன்.

அவர் குறிப்பிட்டது ‘அசாசின்ஸ் கிரீட் குரோனிகிள்ஸ்: இந்தியா’ என்னும் விளையாட்டு. இங்கிலாந்தின் கிளைமாக்ஸ் ஸ்டூடியோஸ் உருவாக்கி, யூபிசாஃப்ட் 2016இல் வெளியிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் பிளேஸ்டேஷன் வீட்டா என்னும் கையடக்கக் கருவிக்கும் வந்தது. சண்டையிட்டு வெல்வதைவிடப் பதுங்கிக் கடப்பதே இவ்வகை விளையாட்டின் இலக்கணம். 1981இல் வெளிவந்த ‘காசில் வுல்ஃபென்ஸ்டைன்’, 1987இல் வெளிவந்த ‘மெட்டல் கியர்’ ஆகியன இதன் முன்னோடிகள். காவலரின் பார்வை எல்லை திரையில் ஒளிக்கூம்பாகத் தெரியும். அதற்குள் அகப்படாமல் தூண்களுக்கும் கதவுகளுக்கும் பின்னே மறைந்து மறைந்து நகரவேண்டும்.

கதை நிகழ்வது 1841இல், சீக்கியப் பேரரசில். ரஞ்சித் சிங் 1839இல் மறைந்துவிட்டார். ஷேர் சிங் ஆட்சியில் இருக்கிறார். பஞ்சாப் கம்பெனியின் கைக்கு இன்னும் போகவில்லை. அது 1849இல்தான் நிகழ்ந்தது. அர்பாஸ் மீர் என்னும் கற்பனை நாயகனுக்கு எதிரிகளாக வருபவர்களுள் இருவர் வரலாற்று மனிதர்கள்: வில்லியம் ஸ்லீமன், அலெக்சாண்டர் பர்ன்ஸ். கம்பெனி அதிகாரிகளை வில்லன்களாக நிறுத்தியதில் நமக்கொரு மனநிறைவு உண்டாவது இயல்பே. ஆயினும் வரலாற்று மாணவர் அந்த மனநிறைவோடு நின்றுவிடலாகாது.

முதலில் பர்ன்ஸ். 1831இல், பிரித்தானிய மன்னர் ரஞ்சித் சிங்குக்கு அனுப்பிய குதிரைகளை ஒப்படைக்கும் பொறுப்போடு அவர் சிந்து நதி வழியே லாகூர் சென்றார். குதிரைகள் வெளித்தோற்றம், நதியின் ஆழத்தையும் போக்கையும் அளந்தறிவதே உள்நோக்கம். மறு ஆண்டு உள்ளூர் உடை தரித்து புகாரா வரை பயணம் செய்தார். 1841 நவம்பரில் காபூலில் மக்கள் எழுச்சியில் கொல்லப்பட்டார். ஆக, விளையாட்டில் நாயகனுக்கு உரிய பதுங்கற்கலை, வரலாற்றில் பேரரசின் கருவியாகவே இருந்தது. வேவு பார்த்தவர், வேடமிட்டவர், மறைவாக அளந்தவர் எல்லாம் கம்பெனியின் ஆளே.

அடுத்து ஸ்லீமன். அவருடைய களம் அமிர்தசரஸ் அன்று. ஜபல்பூரை மையமாகக் கொண்ட மத்திய இந்தியா. ‘தக்கர்’ எனப்பட்ட வழிப்பறிக் கொலைக் குழுக்களை ஒடுக்கிய அதிகாரி அவர். அவரது ஆயுதம் வாளன்று, காகிதம். பிடிபட்டோரை அப்ரூவர்களாக்கி வாக்குமூலம் பெற்றார். குடும்ப வம்சாவளிப் பட்டியல்கள் தயாரித்தார். அவர்களது குழூஉக்குறிச் சொற்களைத் தொகுத்து 1836இல் ‘ராமசீயானா’ என்னும் நூலாக வெளியிட்டார். அதே 1836இல் வந்த முப்பதாம் எண் சட்டம், தக்கர் குழுவொன்றில் எப்போதேனும் சேர்ந்திருந்தார் என நிறுவினாலே ஆயுள் தண்டனை என்றது. குறிப்பிட்ட குற்றமொன்றைச் செய்தார் எனக் காட்டவேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. ‘தக்கர்’ என்றால் யார் என்ற வரையறையும் அச்சட்டத்தில் இல்லை.

வழிப்போக்கர்கள் கொல்லப்பட்டதே இல்லை என்று நான் வாதிடவில்லை. செயலுக்கு அன்றி, சேர்ந்திருந்தமைக்குத் தண்டனை என்னும் தர்க்கம் சட்டமானதையே சுட்டுகிறேன்.

அந்தத் தர்க்கம் 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் முழு வடிவம் பெற்றது. இரண்டுக்கும் இடையே நேர்க்கோடு வரைவது எளிமைப்படுத்தலாகும். இடையில் 1857இன் எழுச்சியும், நாடோடிகள் மீதான ஐயமும், நிலவருவாய்க் கொள்கையும் உண்டு. எனினும் பிறப்பையே சான்றாகக் கொள்ளும் போக்குக்கு ஸ்லீமனின் வம்சாவளிப் பட்டியல்கள் முன்மாதிரியாயின. 1911இன் திருத்தச் சட்டத்தோடு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரை வட்டாரத்தில் மக்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தனர். விரல்ரேகைப் பதிவு, இரவில் ஆஜராகும் கட்டாயம், வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு என அன்றாட வாழ்வே காவலரின் பார்வைக்கூம்புக்குள் அடைபட்டது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது காவல்துறை சுட்டது; 16 பேர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீங்கியது. சீர்மரபினர் என்னும் பெயரில் அதன் நிழல் இன்றும் தொடர்கிறது.

விளையாட்டில் பிழை காண்பது என் நோக்கமன்று. ஸ்லீமனை வில்லனாக்கிய விளையாட்டு, அவரை ஒரு தனிமனிதத் தீமையாகச் சுருக்கிவிடுகிறது. வில்லனை வீழ்த்தினால் கதை முடிந்துவிடும். வரலாற்றில் ஸ்லீமன் 1856இல் கடலில் மறைந்த பின்னும் அவரது பட்டியல் முறை வாழ்ந்தது. திரையில் பதுங்குபவனுக்கு ஒளிந்துகொள்ள ஒரு தூணேனும் உண்டு. ரேகைப் பதிவேட்டில் பெயர் ஏறியவருக்கு அதுவும் இல்லை.

அந்த மாணவருக்கு இப்போது என் விடை: ஆம், ஸ்லீமன் வாழ்ந்தவர்தான். விளையாட்டிலிருந்து அவரிடம் வந்து சேர்ந்ததில் குறையொன்றும் இல்லை. வாயில் எதுவாயினும் நுழைவது நன்றே. நுழைந்தபின், அவர் எழுதியதை மட்டும் வாசிக்காதீர்கள். அவர் பட்டியலில் எழுதப்பட்டவர்கள் யார், அவர்களது சொல் எந்த மொழியில், யாருடைய அச்சுறுத்தலின்கீழ்ப் பதிவாயிற்று என்றும் கேளுங்கள்.