விதைக்க வந்த கோதுமை

தென்கிழக்குத் துருக்கியில் கோடை வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். தியார்பக்கிர், மார்தின், உர்ஃபா ஆகிய நகரங்களைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல்கள். குர்து மக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த மண்ணில் விதைப்பு, அறுப்பு, ஆடு மேய்ப்பு எல்லாமே வெட்டவெளியில்தான். வெயிலோடு தலைமுறை தலைமுறையாகப் பழகிய அந்த மக்களின் பிள்ளைகளை 1955ஆம் ஆண்டு தொடங்கி வெயில் சுட ஆரம்பித்தது.

முகத்திலும் புறங்கையிலும்தான் முதலில் கொப்புளங்கள் கிளம்பின. வெயில் பட்ட இடத்தில் மட்டும் வந்தன. சட்டைக்குள் இருந்த தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொப்புளம் உடைந்து புண்ணாகி, ஆறும்போது தழும்பாகி, தழும்பின்மேலேயே அடுத்த கொப்புளம் எழும்பியது. தோல் கறுத்தது. நெற்றி, கன்னம், கை என்று அடர்த்தியாக முடி முளைத்தது. சிறுநீர் சிவந்து போனது. சிலருக்கு விரல் எலும்புகள் தேய்ந்து கை சிறுத்தது. ஊர்க்காரர்கள் இதைக் ‘காரா யாரா’, அதாவது கரும்புண் என்றார்கள். முடி மண்டிய முகங்களைப் பார்த்துக் ‘குரங்கு நோய்’ என்று சொன்னவர்களும் உண்டு. நோய்ப்பட்டவர்களில் பெரும்பாலோர் நான்கு வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்டவர்கள். அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டே அவர்கள் வளர்ந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவே மனம் கசக்கிறது.

தியார்பக்கிரில் தோல் மருத்துவராக இருந்த ஜிஹாத் ச்சாம் இந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். இது போர்ஃபைரியா என்னும் நோய் வகையைச் சேர்ந்தது என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் அன்றைய மருத்துவ நூல்களின்படி அது அபூர்வமான நோய். பரம்பரையாகவோ, மிதமிஞ்சிய குடியாலோ வருவது. ஆயிரக்கணக்கான சிறுவர்களுக்கு, அதுவும் ஒரே வட்டாரத்தில், ஒரே சமயத்தில் அது வருவதற்கு எந்த நூலிலும் விளக்கம் இல்லை. விடை அவர்கள் தின்ற ரொட்டியில் இருந்தது. 1950களின் இறுதியில் ச்சாம் வெளியிட்ட கட்டுரைகள், அரசாங்கம் விதைக்கென்று வழங்கிய கோதுமையையே காரணமாகச் சுட்டின.

அந்தக் கோதுமையின் கதைக்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும். 1950களின் தொடக்கத்தில் துருக்கியில் அமெரிக்க உதவியோடு டிராக்டர்கள் வந்து இறங்கின. மேய்ச்சல் நிலங்கள்கூட வயல்களாயின. 1953இல் கோதுமை ஏற்றுமதியில் உலகமே திரும்பிப் பார்க்கும் இடத்தில் அந்த நாடு இருந்தது. அடுத்த ஆண்டே மழை பொய்த்து, விளைச்சல் சரிந்து, கோதுமையை இறக்குமதி செய்ய வேண்டிய நிலை வந்தது. விளைச்சலைக் காப்பாற்றத் தரமான விதை தேவைப்பட்டது. கோதுமையின் பழைய எதிரியான கரிப்பூட்டை நோய், மணிகளுக்குள் மாவுக்குப் பதில் நாற்றமடிக்கும் கறுப்புத் தூளை நிரப்பிவிடும். அந்தப் பூஞ்சணத்தை விதையிலேயே கொல்ல, இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்திலிருந்து உலகெங்கும் பயன்பட்டு வந்தது ஹெக்ஸாகுளோரோபென்சீன் என்ற வெள்ளைப் பொடி. ஒரு டன் விதைக்கு, பத்து சதவீத மருந்து கலந்த பொடி இரண்டு கிலோ என்பது கணக்கு. பூஞ்சணத்துக்கு எதிராக அது நன்றாகவே வேலை செய்தது.

விதை மூட்டைகள் வந்து சேர்ந்தபோது பல வீடுகளில் அடுப்பு எரிய வேறு தானியம் இல்லை. நம் ஊரில் விதைநெல்லைக் குத்தித் தின்னும் நிலை வந்துவிட்டால் அந்தக் குடும்பம் முழுகிவிட்டது என்பார்கள். எந்த நாட்டு விவசாயியும் விதையில் கை வைப்பதற்கு முன் நூறு முறை யோசிப்பான். தியார்பக்கிர்ப் பக்கத்து விவசாயியும் யோசித்திருப்பான். பசித்த பிள்ளைகள் அருகில் நிற்கும்போது கோதுமை கோதுமைதான். மாவாக அரைத்து ரொட்டி சுட்டார்கள். அந்த மருந்து தண்ணீரில் கரையாதது. கழுவினாலும் முழுவதும் போகாது. ஒருவர் உடம்புக்குள் நாள்தோறும் 50 முதல் 200 மில்லிகிராம் வரை போயிருக்கும் என்று பின்னாளில் மதிப்பிட்டார்கள். மாதக்கணக்கில் தின்ற பிறகே புண்கள் தலைகாட்டியதால் ரொட்டிமேல் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

ரொட்டிக்கும் வெயிலுக்கும் என்ன தொடர்பு? இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீம் என்ற பொருளை உடல் பல படிகளில் தயாரிக்கிறது. கல்லீரலில் அதில் ஒரு படியை நடத்தும் நொதியை இந்த மருந்து முடக்கிவிடுகிறது. பாதி வழியில் நின்றுபோன போர்ஃபைரின்கள் தேங்கி, இரத்தத்தில் கலந்து தோலுக்கு வருகின்றன. மிச்சம் சிறுநீரில் இறங்கி அதைச் சிவக்க வைக்கிறது. தோலில் தங்கிய போர்ஃபைரின், ஒளியிலுள்ள ஊதா நிறக் கதிரை உறிஞ்சிக்கொண்டு, அந்த ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. வெறிகொண்ட ஆக்சிஜன் தோலின் செல்களை உள்ளிருந்தே அரிக்கிறது. வெயிலின் கடுமை அதிகரிக்கவில்லை. அதைத் தாங்கும் தன்மையைத் தோல் இழந்திருந்தது.

இதிலுள்ள கொடுமை, அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைச் சேர்ந்தது என்பதுதான். சாதாரண வெயில் களிம்புகள் புற ஊதாக் கதிரைத்தான் தடுக்கும். ஊதா ஒளி அவற்றைத் தாண்டிப் போகும். ஜன்னல் கண்ணாடியையும் தாண்டும். கெட்டித் துணியும் நிழலும்தான் காப்பு. அறுவடைக் காலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்திடம் பிள்ளையை நிழலிலேயே வைத்திருக்கச் சொல்வது எளிது. கதிர் அறுக்க ஆள் வேண்டும், மந்தைக்குப் பின்னால் போக ஆள் வேண்டும். சிறுவர்கள் போனார்கள், புண்ணோடு திரும்பினார்கள்.

கைக்குழந்தைகளுக்கு வெயிலுக்குப் போகும் வயதுவரை வளரும் அவகாசம்கூடக் கிடைக்கவில்லை. தாய்மார் உண்ட நஞ்சு கொழுப்பில் தங்கித் தாய்ப்பாலில் இறங்கியது. பால்குடிப் பிள்ளைகளின் உடம்பில் இளஞ்சிவப்புத் தடிப்புகள் தோன்றின. துவண்டு, வலிப்பு வந்து இறந்தார்கள். இதற்கு ‘பெம்பே யாரா’, இளஞ்சிவப்புப் புண் என்று பெயர். இந்த நோய் கண்ட குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் பிழைக்கவில்லை. 1955க்கும் 1960க்கும் இடையில் சில கிராமங்களில் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் உட்பட்ட குழந்தை ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கரும்புண் கண்டவர்கள் மூவாயிரம் முதல் நாலாயிரம் பேர். அவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இறந்தார்.

1959இல் துருக்கி அந்த மருந்து பூசிய விதையை நிறுத்தியது. புதிய நோயாளிகள் வருவது 1961 வாக்கில் ஓய்ந்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ருடி ஷ்மிட் என்ற மருத்துவர் இந்த நோயைப் பற்றி 1960இல் அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார். மறு ஆண்டு அவரும் ராபர்ட் ஆக்னரும் எலிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்து அதே போர்ஃபைரியாவை உண்டாக்கிக் காட்டினார்கள். ச்சாம் நோயாளிகளைப் பார்த்துச் சொன்னது ஆய்வுக்கூடத்தில் உறுதியானது. ஒரு வேதிப்பொருள் மனிதனைக் கூட்டங்கூட்டமாக வெயிலுக்கு ஆகாதவனாக்க முடியும் என்பது மருத்துவப் பாடமாயிற்று. அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர்களை உலகம் அநேகமாக மறந்தேவிட்டது.

முழுக்க மறக்காத சிலர் இருந்தார்கள். அங்காராவின் ஹாஜத்தெப்பே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அய்ஹான் கோச்மென், அமெரிக்காவின் விஸ்கான்சினிலிருந்து வந்த ஹென்றி பீட்டர்ஸ், டெரக் கிரிப்ஸ் ஆகியோர் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அந்தச் சிறுவர்களைத் தேடிப் போனார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். அதற்குள் அவர்கள் பிள்ளைகுட்டிகளோடு இருந்த நடுவயதுக்காரர்கள். முகத்திலும் கையிலும் தழும்புகள் அப்படியே இருந்தன. வளர்ச்சி நின்றுபோன சிறிய கைகள், வீங்கிய மூட்டுகள், பலருக்குப் பெருத்த தைராய்டு. சிலர் உடம்பில் போர்ஃபைரியா இன்னும் ஓயாமல் இருந்தது. பெண்களின் தாய்ப்பாலில் அந்த நஞ்சு மற்றவர்களைவிட அதிகமாகவே காணப்பட்டது.

நஞ்சும் உணவும் ஒரே பாதையில் வந்து மோதியது துருக்கியில் மட்டுமல்ல. 1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கப்பலில் பாரத்தியான் பூச்சிமருந்து கசிந்து உணவுப் பொருள்களில் கலந்ததே காரணம். இந்தியாவின் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் அந்தச் சாவுகளை விசாரித்ததன் தொடர்ச்சியாகப் பிறந்தது. இராக்கிலோ துருக்கியின் கதையே திரும்ப நடந்தது. 1971இல் பாதரச மருந்து பூசிய விதைக் கோதுமை அங்கே வந்தது. மூட்டைகளின் எச்சரிக்கை ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. விதைமேல் இருந்த சாயத்தைக் கழுவினால் நஞ்சும் போய்விடும் என்று நம்பியவர்கள் அதைச் சமைத்தார்கள். 6,530 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அங்கேயே 459 பேர் இறந்தார்கள். எல்லையை ஒட்டிய அண்டை நாட்டில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது, மூட்டைகளை அனுப்பியவர்களின் நினைவில் இருந்திருந்தால் இத்தனை பேர் செத்திருக்க வேண்டியதில்லை.

2001இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உலகெங்கும் ஒழிக்கவோ கட்டுப்படுத்தவோ வேண்டிய நஞ்சுகளாகப் பன்னிரண்டை முதலில் பட்டியலிட்டது. டிடிடி, டையாக்சின் போன்றவற்றோடு ஹெக்ஸாகுளோரோபென்சீனும் அதில் இருக்கிறது. விதைக்கு அதைப் பூசுவது நின்றுவிட்டாலும், வேறு சில குளோரின் வேதிப்பொருள்களைத் தயாரிக்கும்போதும் குப்பையை எரிக்கும்போதும் அது துணைப்பொருளாக இன்னும் உண்டாகிக்கொண்டிருக்கிறது.