அடுத்த அறைக்குச் சென்ற இயந்திரம்

இசையைப் போற்றுவோர் பாடகரை நினைவிற் கொள்வர். கருவியாளரையும் நினைவிற் கொள்வர். அவ்விசையைப் பதிந்து வைத்த பொறியை நினைப்பார் சிலரே. அப்பொறி எழுப்பிய இரைச்சலை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்தனர் என்று கேட்பார் அரியர். ஒலிப்பதிவு வரலாற்றை அக்கேள்வியோடு அணுகினால், பொறிக்கும் இசைக்கும் இடையே ஒரு சுவர் எழுந்ததும், அது இடிந்ததும், மீண்டும் அதனை எழுப்ப மாந்தர் முயல்வதும் கண்ணுக்குத் தெரியும்.

ஒலிப்பதிவு பிறப்பதற்கு முன்பே இச்சிக்கல் இருந்தது. ஐரோப்பியத் தேவாலயங்களில் முழங்கும் ஆர்கன் என்னும் பெருங்குழற்கருவிக்குக் காற்று ஊட்டுதல் வேண்டும். முற்காலத்தில் ஆட்கள் துருத்தி மிதித்தனர். பின்னர் மின்விசிறி வந்தது. அதன் உறுமல் வழிபாட்டைக் குலைக்காதிருக்க, விசிறியை நிலவறையிலோ பக்கத்து அறையிலோ வைத்துக் காற்றை மட்டும் குழாய்வழிக் கொணர்ந்தனர். ஓசையை அங்கேயே விட்டுவிட்டுப் பயனை மட்டும் இங்கே கொணரும் இவ்வழியே பிற்காலத்தார்க்கும் வழியாயிற்று.

1877-இல் எடிசன் ஒலிப்பதிவுப் பொறியைக் கண்டார். அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், பாடகர் ஒரு பெரிய ஊதுகுழலின் வாயில் பாட, அவ்வொலியின் ஆற்றலே ஊசியை அசைத்து மெழுகில் கீறியது. பொறி ஒரு தடுப்புக்கு அப்பால் இருக்க, குழலின் வாய் மட்டும் தடுப்பினூடே நீண்டிருந்த கூடங்கள் பல. எனினும், குழலின் நீளத்துக்கு மேல் பொறியை விலக்க இயலவில்லை. 1925-இல் மின்முறைப் பதிவு வந்து இத்தளையை அறுத்தது. ஒலிவாங்கி ஒலியை மின்னாக மாற்ற, அது கம்பிவழி எத்துணைத் தொலைவுக்கும் சென்றது. பொறிக்கு உண்மையிலேயே தனியறை அன்று கிடைத்தது.

அடுத்த சிக்கல் திரைப்படத்தால் வந்தது. 1927-இல் அமெரிக்காவில் பேசும்படம் வெற்றி கண்டது. மௌனப்படக் காலத்தில் படக்கருவி எவ்வளவு கடகடத்தாலும் குறையில்லை. இப்போது ஒலிவாங்கி அதனையும் கேட்டது. ஆகவே படக்கருவியையும் அதனை இயக்குபவரையும் ஓசை புகாத சிற்றறைக்குள் அடைத்துக் கண்ணாடிவழிப் படம் எடுத்தனர். காற்றோட்டமற்ற அவ்வறையினுள் அவர்கள் வெந்தனர். (தகரக் கூரையின்கீழ் நண்பகலில் பாடம் நடத்தியவர்க்கு அத்துன்பத்தை விளக்க வேண்டியதில்லை.) கருவியும் அசைய முடியாமல் நின்றது, அதனால் படங்களும் நாடகமேடை போல் உறைந்து போயின. சில ஆண்டுகளில் கருவிக்கு மட்டும் ஓசையடக்கும் உறை செய்தனர். 1934-இல் மிட்செல் நிறுவனம் தன் அமைப்பிலேயே ஓசை அடங்கிய படக்கருவியைக் கொணர்ந்தது.

இந்தியாவிலோ இரைச்சல் வெளியிலிருந்து வந்தது. 1931-இல் பம்பாய் இம்பீரியல் கூடத்தில் ‘ஆலம் ஆரா’ உருவானபோது, அருகில் இருந்த இருப்புப்பாதை பெருந்தொல்லை தந்தது. தண்டவாளத்தைப் பெயர்க்க இயலாது. ஆதலின் இரயில் ஓடாத நள்ளிரவுக்குப் பின்னர்ப் படம் பிடித்தனர். தமிழின் முதற் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ அதே ஆண்டு அதே நிறுவனத்தில் உருவானதென்பதை நம் மாணாக்கர் அறிதல் நன்று.

காந்த நாடாக் காலத்தில் சுவர் உறுதிப்பட்டது. பாடுவோர் ஓரறையிலும், தடித்த கண்ணாடிக்கு இப்பால் பொறியாளர் மற்றோரறையிலும் அமர்ந்தனர். பதினாறு தடமும் இருபத்துநான்கு தடமும் பதியும் பெரும்பொறிகள் வந்தபோது, அவற்றின் மோட்டாரும் விசிறியும் பொறியாளர் செவிக்கே இடையூறாயின. எனவே பல கூடங்கள் மூன்றாவது அறையொன்றைக் கட்டிப் பொறிகளை அங்கு வைத்துத் தொலைவிலிருந்து இயக்கின.

இனி வன்தட்டுக்கு வருவோம். 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. எடை ஏறத்தாழ ஒரு டன். கொள்ளளவு 50 இலட்சம் எழுத்துகள். குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு வினாடி இசைக்கு 1,76,400 எழுத்துகளின் இடம் வேண்டும். கணக்கிட்டால், அப்பெரும் பொறியில் அடங்கும் இசை 28 வினாடி! 1980-இல் சீகேட் நிறுவனம் அதே கொள்ளளவை ஐந்தேகால் அங்குலப் பெட்டிக்குள் அடக்கியது. 1991-இல் ‘புரோ டூல்ஸ்’ என்னும் பதிவு அமைப்பு நான்கு தடங்களோடு வெளிவந்தது. நாடாப் பொறி செய்த வேலையை மேசைமேல் உள்ள கணினியும் அதனோடு வெளியே இணைத்த வன்தட்டும் செய்யத் தொடங்கின.

இஃது இசைக்குக் கிடைத்த பெருவிடுதலை என்பதில் ஐயமில்லை. ஏழைக் கலைஞனும் தன் வீட்டில் பதியலாம். ஆனால் அவ்விடுதலையோடு சுவர் இடிந்தது. பாடுவோர், கேட்போர், பொறி மூவரும் ஓரறைக்குள் வந்துவிட்டனர். எழுபது ஆண்டு உழைப்பால் வெளியேற்றிய இரைச்சல் மேசைமேல் வந்து அமர்ந்துகொண்டது.

அவ்விரைச்சலின் தன்மையை ஆசிரியர்கள் அறிதல் வேண்டும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டின் அடிப்படை அதிர்வு வினாடிக்கு 120. ஆண்குரலில் ஒரு கட்டைச் சுருதியின் சட்ஜம் ஏறத்தாழ 131. ஆக, சுருதிக்குச் சற்றுக் கீழே, அதனோடு சேராத தம்புரா ஒன்று இடைவிடாது மீட்டப்படுகிறது எனலாம். தட்டைத் தேடி ஓடும் கையின் சொடுக்கொலியும், பெட்டி விசிறியின் சீறலும் வேறு. வன்தட்டை மரமேசைமேல் வைத்தால், மேசையே வீணைக்குடம் போல் அதிர்வைப் பெருக்கும். ஒரே இரைச்சலினிடையே எட்டுத் தடங்களைத் தனித்தனியே பதிந்து கலந்தால், அவ்விரைச்சல் 9 டெசிபல் உயர்ந்துவிடும்.

நம் தோட்டப்புறங்களில் தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த மூதாட்டியர் அருகி வருகின்றனர். அவர்கள் பாடலைப் பதிந்து வைக்க முற்படும் பள்ளிகள் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். தாலாட்டு மெல்லிய குரலில் பாடப்படுவது. பின்னர் அதனை உரக்கச் செய்யுங்கால் இரைச்சலும் உடன் உரக்கும். மறுமுறை பாடச் சொல்ல அப்பாட்டி இருப்பார் என்று எவர் உறுதி கூற இயலும்?

இசைக்கலைஞர் கண்ட தீர்வுகளுள் முதலாவது, பொறியைப் பெட்டியில் அடைத்தல். ஓசை அடங்கியது, ஆனால் காற்றின்றி வன்தட்டு சூடேறி அழியும் இடர் நேர்ந்தது. 1927-ஆம் ஆண்டுப் படம்பிடிப்பாளர் பட்ட துன்பம் வன்தட்டைப் பிடித்துக்கொண்டது! ரப்பர்த் துண்டின்மேல் வைத்தல் மேசையதிர்வைத் தடுக்கும். காற்றில் பரவும் ஓசையைத் தடுக்காது. அறைமூலைக்கு நகர்த்துவதும் முழுப்பயன் தராது. திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்குந்தோறும் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் அதனைத் திருப்பி அனுப்பிவிடும். ஆதலின் பொறி சுவரைத் தாண்டியே ஆக வேண்டும்.

அங்கே கம்பியின் நீளம் குறுக்கிட்டது. தொடக்கக்கால ஸ்கஸி வடம் மொத்தம் 6 மீட்டர், ஃபயர்வயர் 4.5 மீட்டர், யு.எஸ்.பி. 2.0 வடம் 5 மீட்டர். சுவரில் துளையிட்டு அடுத்த அறையின் அலமாரிக்கு வடத்தைக் கொண்டுசெல்லப் பலருக்கு இந்நீளம் மட்டுமட்டாகவே போதியது. திரை, விசைப்பலகை ஆகியவற்றின் வடங்களை நீட்டிக் கணினியையே வெளியேற்றினோரும் உளர்.

சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பிகள் பரவிய பின்னர் இத்தொல்லை பெரிதும் குறைந்துள்ளது. பாடல் பதியும் நேரத்தில் அதனைப் பயன்படுத்துவதே இன்று எளிய வழி. ஆயினும் விலை கருதி, ஆயிரக்கணக்கான மணி நேரப் பதிவுகளைக் காக்கும் இடங்களில் சுழலும் வன்தட்டுகளே மிகுதி. அவை பிணைய வடத்தின்வழி இணைக்கப்படுகின்றன. செப்புக்கம்பியாலான அவ்வடம் 100 மீட்டர் வரை செல்லும். பள்ளியொன்றில் இசையறை ஒரு கோடியிலும் வன்தட்டுகள் மறுகோடியிலும் இருக்க அது போதும். வன்தட்டுகள் உள்ள அறைக்கு வேண்டுவன காற்றோட்டமும் ஒரு பூட்டுமே.