பெயர்ப்பலகையில் எத்தனை குதிரை?

கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் படகு என்றால் ஊட்டி ஏரி, மிஞ்சினால் பவானிசாகர் பரிசல். கடல் நமக்கு வெகு தூரம். ஆனாலும் இந்த வாரம் படகு மோட்டாரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். படித்துக்கொண்டே போனால், கடைசியில் நம் தோட்டத்துக் கிணற்று மேட்டுக்கே வந்து நிற்போம்.

படகின் பின்பலகையில் மாட்டும் மோட்டாரை அவுட்போர்டு மோட்டார் என்பார்கள். கடலோர மீனவர்களுக்கு அது சோறு போடும் சாமான். வெளிநாட்டில் பலருக்கு அது விடுமுறை விளையாட்டு. அந்த மோட்டாரின் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல், லேப்டாப்பில் ஒரு வயரைச் சொருகி, எஞ்சின் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கை மாற்றி, கூடுதல் குதிரைத்திறனை எடுத்துவிடலாம் என்கிறார்கள். மந்திரம் போலத் தோன்றும். ஆனால் உண்மை.

எப்படி என்று பார்ப்போம். அமெரிக்காவின் மெர்க்குரி கம்பெனி 2.1 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்கிறது. அதே எஞ்சின் 75, 90, 115 குதிரைத்திறன் என்று வேறு வேறு விலைக்கு விற்பனைக்கு வருகிறது. ஜப்பானின் சுசுகியும் இப்படித்தான். அவர்களுடைய ஒரே 1502 சிசி எஞ்சின் 70, 80, 90 என்று மூன்று பெயர்களில் கிடைக்கிறது. வார்ப்பு ஒன்று, சிலிண்டர் அளவு ஒன்று. இப்படிப்பட்ட மோட்டார்கள் பலவற்றில் முக்கியமான வித்தியாசம் இருப்பது, எஞ்சின் கம்ப்யூட்டரில் எழுதிவைத்த அட்டவணையில்தான்.

அந்தக் கம்ப்யூட்டர் பார்க்கும் வேலை மூன்று. எவ்வளவு காற்று வருகிறது என்று பார்த்து, அதற்கு எத்தனை பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று முடிவு செய்வது ஒன்று. பிஸ்டன் மேலே வருவதற்கு எவ்வளவு முன்னால் ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி விழ வேண்டும் என்பது இரண்டு. நிமிடத்துக்கு இத்தனை சுற்றுக்கு மேல் போகாதே என்று கட்டிப்போடுவது மூன்று. இந்த மூன்று கணக்கையும் கொஞ்சம் தாராளமாக்கினால் எஞ்சின் கூடுதலாக இழுக்கும். இதைத்தான் ரீமேப் என்கிறார்கள்.

அவுட்போர்டு மோட்டாரை ஊரறிய விற்பனைக்குக் கொண்டுவந்தவர், அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் இருந்த ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்தவர். தான் மணக்கப்போகிற பெண்ணுக்கு ஐஸ்கிரீம் வாங்க ஏரியைத் துடுப்புப் போட்டுக் கடந்தார் என்றும், திரும்பி வருவதற்குள் அது உருகிவிட்டது என்றும், அந்தக் கோபத்தில்தான் மோட்டார் செய்தார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். 1909-ல் அவர் விற்ற மோட்டாரின் திறன் ஒன்றரை குதிரை. அவ்வளவுதான்.

அதே காலத்து ஆசாமி ஒருவர் நம் ஊரிலும் இருந்தார். 1893-ல் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதே வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. பிரித்துப்போட்டு, ஒவ்வொரு சாமானும் என்ன வேலை செய்கிறது என்று படித்தார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு ஆரம்பித்தது, யு.எம்.எஸ். என்று பெரிய கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். பைக்காரா மின்சாரம் 1932-ல் வந்தது, அதற்கு ஐந்து வருஷம் கழித்து மோட்டார் வந்தது. கவலை ஓட்டிச் சாலில் தண்ணீர் இறைத்த கொங்கு நாட்டின் தலையெழுத்தை மாற்றியவை இந்த இரண்டும்தான்.

பிரித்துப் பார்க்கிற அந்தப் புத்தி கோயம்புத்தூரை விட்டுப் போகவே இல்லை. பின்னால் வந்தவர்கள் அதைப் பந்தயத்துக்குக் கொண்டுபோனார்கள். சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும். நம் ஊர் ஆட்கள் வண்டியோடு கிளம்பிப் போவார்கள்.

அன்றைக்குக் குதிரைத்திறன் கூட்டுவது முழுக்க முழுக்கக் கைவேலை. சிலிண்டர் ஹெட்டைக் கொஞ்சம் சீவி அழுத்தத்தைக் கூட்டுவார்கள். காற்றுப் போகும் வழியை அரத்தால் ராவி வழவழப்பாக்குவார்கள். கார்புரேட்டர் ஜெட்டை ஒரு நூல் பெரிதாக்குவார்கள். டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால், சைலன்சரை வயிறு பெருத்த குழாயாக மாற்றிவிடுவார்கள். சரியாக வந்ததா என்று பார்க்க, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பார்கள். கன்னங்கரேல் என்று இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப்போயிருந்தால் பெட்ரோல் போதாது, பிஸ்டன் உருகும். இளம்பழுப்பு என்றால் உத்தமம். இன்றைக்குக் கம்ப்யூட்டர் புகைக்குழாயில் ஒரு சென்சாரை வைத்துச் செய்கிற சோதனையை, அன்றைய மெக்கானிக் கண்ணாலேயே செய்தார்.

அந்தக் காலத்தின் பெரிய பெயர் எஸ். கரிவர்தன். லட்சுமி மில் குடும்பத்துப் பிள்ளை, தானே பந்தய ஓட்டுநர். வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்குமதி செய்ய நம்மால் முடியாது என்பதைப் புரிந்துகொண்டு, மாருதி 800-ன் மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சினை வைத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை 1980-களின் கடைசியில் உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். எல்லோருக்கும் ஒரே எஞ்சின், செலவும் குறைவு. ஜெயிப்பதும் தோற்பதும் ஓட்டுகிறவன் கையிலும் மெக்கானிக் கையிலும் இருந்தன. நம் ஊர் நரேன் கார்த்திகேயன் முதல் பந்தயம் ஓட்டியது ஸ்ரீபெரும்புதூரில், இந்த வகைக் காரில்தான். 1995-ல் வானூர்தி விபத்தில் கரிவர்தன் போய்விட்டார். செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

2005-ல் நரேன் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டப் போனார். அங்கே அரத்துக்கும் ஜெட்டுக்கும் வேலை இல்லை. எல்லாம் கம்ப்யூட்டர். அணிகள் அந்தப் பெட்டிக்குள் என்னென்ன தந்திரம் ஒளித்துவைத்திருக்கின்றன என்று கண்டுபிடிக்க முடியாமல், 2008 முதல் எல்லா அணிகளும் ஒரே மாதிரிக் கம்ப்யூட்டரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். ஃபார்முலா மாருதியில் எஞ்சினுக்கு வைத்த பொதுவிதி, அங்கே கம்ப்யூட்டருக்கு வந்தது.

இப்போது கிணற்று மேட்டுக்கு வருவோம்.

படகு மோட்டார்க் கதையில் பெரிய எஞ்சினைக் கட்டிப்போட்டு, சின்ன நம்பர் போட்டு விற்கிறார்கள் அல்லவா? நம் கொங்கு நாட்டில் பெரிய மோட்டாரைக் கட்டிப்போடாமலேயே சின்ன நம்பர் போட்டு விற்றார்கள். பெயர்ப்பலகையில் 5 எச்.பி. என்று இருக்கும். உள்ளே இருப்பது ஏழரை இழுக்கும். மின்வாரியம் இணைப்புக் கொடுத்தது ஐந்துக்கு. 1980-களில் கட்டணத்தை எச்.பி. கணக்கில் வாங்கினார்கள். அதனால் பலகையில் நம்பர் சின்னதாக இருப்பதே லாபம். 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்த பிறகும் அனுமதித்த அளவு அதேதான், பலகையும் அதேதான். இது ஊரறிந்த ரகசியம். வாங்குகிறவர் கேட்பார், விற்கிறவர் கொடுப்பார்.

விவசாயியைக் குற்றம் சொல்வது சுலபம். ஆனால் கணக்கு என்னவென்று பாருங்கள். தண்ணீர் 100 அடியில் இருந்தபோது போதுமாக இருந்த மோட்டார், அது 200 அடிக்கு இறங்கினால் அதே தண்ணீரைத் தூக்க இரண்டு மடங்கு திறன் கேட்கும். பயிர் வாடுகிறது, இணைப்பைப் பெரிதாக்க மனு போட்டால் வருஷக்கணக்கில் காத்திருப்பு. மனுஷன் என்ன செய்வான்? மின் கட்டண உயர்வை எதிர்த்து, 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளை ஓட்டிவந்து கோயம்புத்தூரையே முடக்கியவர்கள் இந்த மக்கள். மின்சாரம் அவர்களுக்கு உயிர்.

ஆனால் இயற்கைக்குப் பலகையைப் படிக்கத் தெரியாது. ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் முப்பது மோட்டார், எல்லாமே ஒன்றரை மடங்கு இழுத்தால் வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் இறங்கினால், அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். காயில் சூடாகிக் கருகும். ஊருக்கு ஊர் ரீவைண்டிங் கடைகள் பெருகிய கதை இதுதான். இன்னொரு பக்கம் தண்ணீர் இன்னும் வேகமாக இறங்கியது. திறந்த கிணறு போய் போர்வெல் வந்தது. கோவை, திருப்பூர்ப் பக்கம் 1000 அடியைத் தாண்டியும் துளை போடுகிறார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் எடுத்த கூடுதல் குதிரை, நம் கிணற்றிலிருந்து வந்த குதிரை.

கார்களில் இதே விளையாட்டு வேறு விதமாக நடந்தது. 2000-ஐ ஒட்டிப் புகை விதிகள் இறுகியபோது கார்புரேட்டர் போய் எஞ்சின் கம்ப்யூட்டர் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததும் மோட்டார் சைக்கிள்களும் அந்த வழிக்கே வந்துவிட்டன. அந்தக் கம்ப்யூட்டரைத் திருத்துவது தெருவோர மெக்கானிக் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் கம்பெனியே பிடிபட்டது. சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும்படி டீசல் கார்களின் கம்ப்யூட்டரில் எழுதிவைத்திருந்தார்கள். உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். இந்தியாவிலும் மூன்று லட்சத்துக்கு மேல் திரும்ப அழைத்தார்கள். பெயர்ப்பலகைப் பொய்யின் பெரியண்ணன் இது.

நம் சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட உண்டு. அமெரிக்காவில் விவாதம் வேறு திசையில் போனது. டிராக்டரை விலை கொடுத்து வாங்கிய விவசாயி அதன் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்றால் அது யாருடைய டிராக்டர் என்று கேட்டார்கள். 2015-ல் கார், டிராக்டர் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்கவும் சட்டத்துக்கு உட்பட்டுத் திருத்தவும் காப்புரிமை விதியில் விலக்குக் கொடுத்தார்கள். 2021-ல் படகுகளையும் அதில் சேர்த்தார்கள்.

என் அபிப்பிராயம் இதுதான். வாங்கிய சாமானைப் பிரித்துப் பார்க்கும் உரிமை வேண்டும். அது இல்லாவிட்டால் ஜி.டி. நாயுடுவும் இல்லை, கரிவர்தனும் இல்லை. பூட்டிய பெட்டியோடு வருகிற எஞ்சின்களால், பிளக் நிறத்தைப் பார்த்தே நோய் சொன்ன நம் மெக்கானிக்குகள் வேலையற்று நிற்பது நல்லதல்ல. ஆனால் கூடுதல் குதிரை சும்மா வராது. படகு மோட்டாரில் அது எஞ்சினின் ஆயுளிலிருந்தும் பெட்ரோல் டேங்கிலிருந்தும் வருகிறது. காரில் மற்றவர் சுவாசிக்கும் காற்றிலிருந்து வருகிறது. கிணற்றில் பேரன் பேத்திகளின் தண்ணீரிலிருந்து வருகிறது. நடுக்கடலில் மோட்டார் நின்றுபோனால் தள்ளிவிட ஆள் கிடையாது என்பதையும் படகுக்காரர்கள் யோசித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் தோட்டத்தில் பழைய மோட்டார் இருந்தால், ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஓடும்போது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று டாங் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பலகையில் எழுதியிருப்பதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வயரின் அளவும் ஸ்டார்ட்டரும் எந்தக் கணக்குக்கு இருக்க வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும்.