எல்லைப்புறமும் தாயகமும்

கனடாவின் வடமேற்கில், ஆர்க்டிக் எரிவாயுவை மெக்கன்சிப் பள்ளத்தாக்கு வழியே தெற்கே கொணரக் குழாய் பதிக்க 1970களில் நிறுவனங்கள் முனைந்தன. மண்ணின் மக்களுக்கு வேலை கிட்டும் என வாதிட்ட அவை, அவர்தம் இசைவு இன்றியமையாதது எனக் கருதவில்லை. 1974இல் விசாரணைக்கென அமர்த்தப்பெற்ற நீதிபதி தாமஸ் பெர்கரோ 35 ஊர்களுக்கு நேரிற் சென்றார். டெனே, இனூயிட் மக்கள் தம் தாய்மொழியிலேயே வேட்டைத் தடங்களையும் மீன்பிடி துறைகளையும் எடுத்துரைத்தனர். நிறுவனங்கள் எல்லைப்புறம் எனக் கண்ட நிலம் அவர்களுக்குத் தாயகம் என்பதை 1977இல் வெளிவந்த அறிக்கையின் தலைப்பே உணர்த்திற்று. நில உரிமைகள் தீர்வு பெற, குழாய்ப் பணியைப் பத்தாண்டு ஒத்திவைக்குமாறு அது பரிந்துரைத்தது.

2000இல் அம்மக்கள் தமக்கெனக் குழாய்க் குழுமம் ஒன்றை நிறுவினர். மூன்றிலொரு பங்கை அவர்களுக்கு அளிக்க எண்ணெய் நிறுவனங்கள் உடன்பட்டன. எல்லாரும் மகிழ்ந்தனர் எனல் மிகை. டெச்சோ டெனேயர் விலகியே நின்றனர். 2017இல் திட்டம் கைவிடப்பட்டது. நிறுவனங்கள் காட்டிய காரணம் எரிவாயுச் சந்தையின் நிலை.