420ஆம் பிரிவும் அவுரிச் செடியும்

பிறரை ஏமாற்றிப் பிழைப்பவரை ‘ஃபோர் ட்வென்டி’ என்று திட்டும் வழக்கம் இந்தியா முழுவதும் உண்டு. இந்த எண் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து வந்தது. ஒருவரை வஞ்சித்து, நேர்மையற்ற முறையில் அவருடைய பொருளைப் பெறுபவருக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதித்தது அதன் 420ஆம் பிரிவு. ராஜ் கபூர் 1955இல் எடுத்த இந்தித் திரைப்படத்துக்கு ‘ஸ்ரீ 420’ என்றே பெயர்.

சட்டத்தின் முதல் வரைவுக்குத் தலைமை வகித்தவர் தாமஸ் பாபிங்டன் மெக்காலே. 1834இல் சென்னையில் கப்பலிலிருந்து இறங்கிய அவர், அப்போது உதகமண்டலத்தில் தங்கியிருந்த தலைமை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கைக் காண முதலில் நீலகிரிக்குத்தான் சென்றார். பின்னர் கல்கத்தாவில் அவர் தலைமையில் இயங்கிய சட்ட ஆணையம் 1837இல் வரைவை அளித்தது. அதன் பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அது கிடப்பில் கிடந்தது. பார்ன்ஸ் பீகாக் திருத்திய வடிவம் 1860 அக்டோபரில் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மெக்காலே அதைப் பார்க்கவில்லை. 1859 டிசம்பரில் இறந்துவிட்டார்.

சொத்துக்கு எதிரான குற்றங்கள் இச்சட்டத்தின் 17ஆம் அத்தியாயத்தில் உள்ளன. சம்மதமின்றி எடுத்தால் திருட்டு. அச்சுறுத்திக் கொடுக்க வைத்தால் மிரட்டிப் பறித்தல். நம்பி ஒப்படைத்ததைக் கையாடினால் நம்பிக்கை மோசடி. ஏமாற்றுதலில் பொருளுக்கு உரியவர் தாமே மனமுவந்து கொடுக்கிறார். ஆனால் அந்த மனத்தை ஒரு பொய் உருவாக்கியிருக்கிறது.

வரையறையோடு நிறுத்தாமல் சிறு சிறு எடுத்துக்காட்டுகளையும் சட்டத்திலேயே சேர்த்திருப்பது, பாடம் நடத்துபவர் எவருக்கும் பிடிக்கும். புதையல் பெட்டியைச் சுமந்து செல்லும் மாட்டை ஒருவன் கெட்ட எண்ணத்தோடு வேறு பக்கம் ஓட்டினால், மாடு நகரத் தொடங்கியதுமே திருட்டு நடந்துவிடுகிறது. சிவில் சர்வீஸ் அதிகாரி என்று பொய் சொல்லி, பணம் தரும் எண்ணமே இல்லாமல் கடனுக்குச் சரக்கு வாங்குபவன் ஏமாற்றுகிறான்.

இவற்றுள் முக்கியமானது 415ஆம் பிரிவில் வரும் அவுரி எடுத்துக்காட்டு. அவுரிச் செடி தருவதாகச் சொல்லி ஒருவன் முன்பணம் வாங்குகிறான். வாங்கும்போதே தரும் எண்ணம் இல்லையென்றால் அது ஏமாற்றுதல். அப்போது தரும் எண்ணம் இருந்து, பிறகு ஒப்பந்தத்தை மீறினால் அது குற்றமன்று. அவன்மேல் உரிமையியல் வழக்கு மட்டுமே தொடரலாம்.

இது வெறும் கற்பனை உதாரணமாக அன்றைக்கு யாருக்கும் பட்டிருக்காது. வங்காளத்தில் 1859–60இல், முன்பணத்தால் கட்டுண்ட விவசாயிகள் அவுரி பயிரிட மறுத்து வெள்ளைத் தோட்டக்காரர்களை எதிர்த்தனர். அரசு 1860இன் 11ஆம் சட்டத்தால் அவுரி ஒப்பந்த மீறலைத் தற்காலிகமாகத் தண்டனைக்குரியதாக்கியது. பல விவசாயிகள் சிறை சென்றனர். அதே ஆண்டு நிறைவேறிய தண்டனைச் சட்டமோ, வெறும் ஒப்பந்த மீறலை ஏமாற்றுதல் ஆக்க மறுத்தது. ஒரே அரசு ஒரே ஆண்டில் எடுத்த இவ்விரு நிலைகளில் பின்னதே நிலைத்தது என்பது ஏழைக் கடனாளிகளின் நல்வாய்ப்பு.

கைமாற்றுக் கடன் திரும்பாவிட்டால் ‘420 போட்டு உள்ளே தள்ளிவிடுவேன்’ என்று மிரட்டுவோர் இன்றும் உண்டு. ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் (2000) உச்ச நீதிமன்றம், தொடக்கத்திலேயே வஞ்சக எண்ணம் இருந்ததா என்பதையே பார்க்க வேண்டும் என்றது. வாக்கைப் பின்னர் காப்பாற்றவில்லை என்பதை மட்டும் வைத்து அந்த எண்ணத்தை ஊகிக்க முடியாது. இதனால் உண்மையாகவே ஏமாந்தவருக்குச் சிரமம் உண்டு: கொடுத்த நாளன்று எதிராளியின் மனத்தில் என்ன இருந்தது என்பதை அவர் காட்டியாக வேண்டும். வாங்கும்போது சொன்ன பொய், காட்டிய போலிப் பத்திரம், அதே முறையில் ஏமாந்த பிறர் ஆகியவை இதற்குத் துணைசெய்யும்.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. பழைய 420 அதில் 318(4) ஆகிவிட்டது. ஏழாண்டு உச்சவரம்பு மாறவில்லை. சாதாரண ஏமாற்றுதலுக்கு ஓராண்டாக இருந்தது மூன்றாண்டானது. சங்கிலிப் பறிப்பு போன்றவற்றுக்கு 304ஆம் பிரிவு புதிதாக வந்தது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடித் தண்டிக்கப்படுபவர், பொருளையோ மதிப்பையோ திருப்பித் தந்தால் சமூக சேவையே தண்டனை. அவுரி எடுத்துக்காட்டு 318இலும் அப்படியே இருக்கிறது. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்கு இப்போதும் 420ஆம் பிரிவே பொருந்தும்.