மூச்சை எண்ணியவர்கள்

ஆனி பிறந்தால் குற்றாலத்துச் சாரல் குத்துக்கல்வலசை வரை எட்டிவிடும். கூடவே கைக்குழந்தைகளுக்குச் சளியும் வரும். பெரும்பாலும் அது தானே அடங்கிவிடுகிறது. சில குழந்தைகளுக்கு மட்டும் நுரையீரலுக்குள் இறங்கி உயிருக்கே கேடாகிறது. எந்தக் குழந்தைக்கு இறங்கியிருக்கிறது என்பதை எக்ஸ்-கதிர்ப் படம் இல்லாத ஊரில் எப்படி அறிவது?

பாப்புவா நியூ கினியில் பணியாற்றிய ஃபிராங்க் ஷான், மூச்சின் வேகமே இதைக் காட்டிக்கொடுக்கும் என்று 1980களின் தொடக்கத்தில் கண்டார். நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் செரியன், ஜேக்கப் ஜான், எரிக் சிமோயஸ் முதலியோர் இருமலுடன் வந்த குழந்தைகளின் மூச்சை எண்ணினர். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை நிமிடத்திற்கு 50 முறைக்கு மேலும், அடுத்த ஈராண்டு வயதினர் 40 முறைக்கு மேலும் மூச்சு விட்டால் அது நுரையீரல் நோயின் நல்ல அறிகுறி என 1988இல் 'லான்செட்' இதழில் எழுதினர். பிறந்து இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை 60. குழந்தை அழாதிருக்கும்போது, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கும் நம் வகுப்பறைக் குறுக்குவழி இங்கே உதவாது. சிசுவின் மூச்சு சீரானதன்று. எண்ணிக்கை மிகுந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

மூச்சு ஏன் விரைகிறது? நோயுற்ற நுரையீரல் விறைத்துப்போகிறது. தடித்த பலூனை முழுதும் ஊதுவது கடினமல்லவா? ஆகவே உடல் சிறு சிறு மூச்சாக அடிக்கடி இழுக்கிறது. இன்னொன்றையும் பாருங்கள். சீராகக் காற்று ஓடும் குழாயின் ஆரம் பாதியானால் தடை இரு மடங்கன்று, 16 மடங்கு! பெரியவர்களுக்குப் பொருட்டாகாத வீக்கம் சிசுவைத் திணறடிப்பது இதனால்தான்.

எண்ணுவது சாவைத் தடுக்கும், தொற்றைத் தடுக்காது. சிசுக்களின் நுரையீரலைத் தாக்கும் வைரஸ்களில் முதன்மையானது ஆர்.எஸ். வைரஸ். 1966இல் அமெரிக்காவில் அதற்கெதிராகச் சோதித்த தடுப்பூசி நோயைக் கடுமையாக்கியது. ஊசி போட்ட இரு குழந்தைகள் பின்னர் தொற்று வந்து இறந்தன. வைரஸின் மேற்பரப்புப் புரதம் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். மாறுவதற்கு முன்னுள்ள வடிவத்தை 2013இல் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் காட்டியது. (இயற்பியலுக்கு இதில் பங்குண்டு என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.) அவ்வடிவில் செய்த தடுப்பூசியைக் கருவுற்ற தாய்க்குப் போட்டபோது, பிறந்த குழந்தைகளிடம் முதல் 90 நாள்களில் இவ்வைரஸால் வரும் கடும் நோய் 81.8 விழுக்காடு குறைந்தது. 2023இல் வெளியான அந்த ஆய்வறிக்கையின் ஆசிரியர் வரிசையில் எரிக் சிமோயஸ் பெயரும் இருக்கிறது.